வீட்டு மின்கழிவு: எதை, எங்கே, எப்படிக் கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. தலைக்குக் கணக்கிட்டால் 11 கிலோ. வீடுகள் கழித்துப்போடும் மின்கழிவில் ஏறக்குறைய 6 விழுக்காடுதான் முறையாக மறுசுழற்சிக்குப் போகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018இல் தெரிவித்தது. 2019இல் வளங்காப்புச் சட்டம் வந்தது. அதன்படி 2021 ஜூலை 1 முதல் மின்சாதனங்களைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோருமே அவற்றைத் திரும்பப் பெறும் செலவை ஏற்கிறார்கள். மின்கழிவுப் பெட்டிகளைப் பொது இடங்களில் வைக்கவும் சேகரிக்கவும் ஆல்பா நிறுவனம் ஐந்தாண்டு காலத்துக்கு நியமிக்கப்பட்டது. குடியிருப்பாளர்களும், புளோக்கில் சேகரிப்பு நடத்தும் தொண்டூழியர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்.

மின்கழிவுப் பெட்டியில் எதைப் போடலாம்?

பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. பெரிய பெட்டியில் மூன்று வாய்கள் இருக்கும். ஒன்று கணினி, கைப்பேசி வகைக்கு, ஒன்று பேட்டரிக்கு, இன்னொன்று விளக்குக்கு. சில இடங்களில் பேட்டரிக்கும் விளக்குக்கும் மட்டுமான பெட்டி, சில இடங்களில் பேட்டரிக்கு மட்டுமான சிறிய பெட்டி. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் பேட்டரிப் பெட்டி முன்னால் நிற்பவர்கள் நிறையப் பேர். கிளம்புமுன் அந்த இடத்தில் எந்த வகைப் பெட்டி இருக்கிறது என்று வாரியத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாய்க்குள் போகக்கூடியவை: கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி, கணினிப் பெட்டி, அச்சுப்பொறி, ரவுட்டர், மோடம், செட்டாப் பெட்டி, பவர் பேங்க், வாய்க்குள் நுழையும் அளவுள்ள திரை. நுழையாததைத் திணிக்காதீர்கள். பாதி நுழைந்து சிக்கிய ஓர் அச்சுப்பொறி போதும், காலி செய்ய ஆள் வரும்வரை அந்தப் பெட்டி யாருக்கும் பயன்படாது.

மின்னணுப் பொருள் விற்கும் பரப்பு 300 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகள் கடைக்குள்ளேயே பெட்டி வைக்கவேண்டும் என்பது சட்டம். குளிர்சாதன வசதி, ஆள் நடமாட்டம், பணியாளர் கண்காணிப்பு எல்லாம் இருப்பதால் அவை பெரும்பாலும் ஒழுங்காக இருக்கின்றன.

மிக்சி, கிரைண்டர், ரைஸ் குக்கர், மின்விசிறி?

2021இல் தொடங்கிய கட்டாயப் பட்டியலில் இவை இல்லை. பெட்டியின் முகப்பில் ஒட்டியிருக்கும் படப்பட்டியலைப் பார்த்து, அதில் இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லாததைப் போட்டால் அதைப் பிரித்தெடுத்துக் கழிக்கும் செலவுதான் மிச்சம்.

நம் வீடுகளில் மிக்சியைக் கழிக்குமுன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். கெட்டியான இட்லி மாவையோ உலர்ந்த மஞ்சளையோ போட்டு மோட்டார் திணறும்போது அதுதான் மின்சாரத்தை வெட்டுகிறது. 15 நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் மிக்சி மறுபடி ஓடும். “செத்துப்போச்சு” என்று தூக்கி எறியப்படும் மிக்சிகளில் சில இப்படி உயிருள்ளவை. ஓடும்போது தீப்பொறியும் கருகிய வாடையும் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அது மாற்றக்கூடிய சின்ன உதிரி. கிரைண்டரில் மோட்டார் ஓசை கேட்டும் பாத்திரம் சுற்றாவிட்டால் பெல்ட். கையில் கருவி இல்லாதவர்களுக்கு ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற தன்னார்வ முயற்சி 2014 முதல் இருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்து, நீங்களே பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறார்கள்.

உண்மையிலேயே முடிந்துபோன மிக்சியையும் விசிறியையும், பழைய சாமான் வாங்க வரும் காராங்கூனிக்காரரிடம் கொடுக்கலாம். அவற்றில் செம்புச் சுருளும் அலுமினியமும் இருப்பதால் வாங்கிக்கொள்வார். கிரைண்டரின் கல் தனி, மோட்டார் தனி என்று பிரித்துக் கொடுங்கள். கல்லுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

நீலத் தொட்டியில் போட்டால் அதுவும் மறுசுழற்சிதானே?

இல்லை. நீலத் தொட்டி காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகக் கலன்களுக்கானது. அதைத் தூக்கிச் செல்லும் லாரி சரக்கை அழுத்தி நசுக்கும். நசுங்கும் சரக்கில் ஒரு கைப்பேசி இருந்தால் அதன் லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு முனைகளையும் பிரித்துவைக்கும் மெல்லிய தாள் கிழிந்து, உள்ளேயே ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கும். சுற்றிலும் காய்ந்த அட்டை.

குப்பைக் குழாயில் போட்டாலும் இதே நசுக்கல்தான். அங்கே தப்பினாலும் எரியூட்டு ஆலைக்குப் போகும். ஈயம், காட்மியம் போன்றவை எரிந்து மறைவதில்லை. சாம்பலோடு செமாக்காவ் தீவுக்குப் படகில் போகின்றன. 1999இல் திறந்த அந்த நிரப்பிடம் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. நமக்கு வேறு நிரப்பிடம் கிடையாது.

பேட்டரிகளை அப்படியே கொட்டிவிடலாமா?

ரிமோட்டிலிருந்து எடுத்த சாதாரண ஏஏ, ஏஏஏ பேட்டரிகளை அப்படியே போடலாம். மூன்று வகைகளுக்கு மட்டும் டேப் ஒட்டுங்கள்: 9 வோல்ட் சதுரப் பேட்டரி, காசு வடிவப் பேட்டரி, சாதனத்திலிருந்து கழற்றிய எந்த லித்தியம் பேட்டரியும். 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே பக்கம். பையில் கிடக்கும் ஒரு சாவியோ இன்னொரு பேட்டரியின் உடலோ இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் சூடேறிவிடும்.

சாதாரண ஒட்டுநாடா போதும். முனையை மட்டும் மூடுங்கள். பொட்டலம் கட்டுவதுபோல் முழுவதும் சுற்றிவிட்டால், பிரிக்கும் இடத்தில் அது எந்த வகை என்று எழுத்தைப் படிக்க முடியாமல் ஒவ்வொன்றாக உரிக்கவேண்டியிருக்கும். வெள்ளைப் பொடி பூத்த பேட்டரியைக் கையுறை போட்டு எடுத்து ஜிப் பையில் அடைத்துவிடுங்கள். அந்தப் பொடி தோலை அரிக்கும். ரிமோட்டின் உள்ளே படிந்ததைக் காதுகுடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் ரிமோட் பிழைக்கும்.

காசு பேட்டரியைக் கழற்றியதும் மேசைமேல் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகலாம்.

கைப்பேசிக்குள் ஒட்டப்பட்டிருக்கும் பேட்டரியை நெம்பி எடுக்கவேண்டாம். சாதனத்தோடு முதல் வாய்க்குள் போடுங்கள்.

பேட்டரி உப்பியிருக்கிறது. என்ன செய்வது?

கைப்பேசியின் திரை ஓரத்தில் மேலெழும்புவதும், மடிக்கணினியின் தொடுதளம் அமுங்காமல் நிற்பதும் இதற்கு அறிகுறி. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது. குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று இணையத்தில் காட்டுவார்கள். செய்யவே செய்யாதீர்கள்.

அணைத்துவிடுங்கள். மீண்டும் சார்ஜ் ஏற்றவேண்டாம். பிஸ்கட் டின் போன்ற உலோகப் பெட்டியில் உலர்ந்த மணல் பரப்பி அதன்மேல் வையுங்கள். மூடியை இறுக்கி அடைக்கவேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். திரைச்சீலை, மெத்தை, சமையல் எரிவாயு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வெயில் விழும் இடமும் ஆகாது. குளிர்பதனப் பெட்டியும் ஆகாது. பொதுப் பெட்டியிலும் போடக்கூடாது, ஏனென்றால் உள்ளே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும், அதன்மேல் அடுத்தவர் மடிக்கணினி விழும். சேகரிப்பு நிறுவனத்தையோ அந்தப் பிராண்டின் சேவை நிலையத்தையோ தொலைபேசியில் கேட்டுவிட்டு, ஆள் இருக்கும் முகப்பில் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். புகை வந்தால் கையில் எடுக்க முயலாமல் அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியேறி 995ஐ அழையுங்கள்.

என் படங்களும் வங்கி விவரமும் அதில் இருக்கின்றனவே?

பலர் பழைய கைப்பேசியை அலமாரியில் பூட்டிவைத்திருப்பது இந்தப் பயத்தால்தான். பயம் நியாயமானது. ஆனால் வேலை ஒரு மணி நேரம்தான், வரிசை மாறாமல் செய்தால்.

முதலில் புதிய கைப்பேசியில் சிங்பாஸ் செயலியை இயக்குங்கள். அடுத்து வங்கியின் டிஜிட்டல் டோக்கன். புதிய கருவியில் டோக்கனை இயக்கினால் 12 மணி நேரம் சில பரிவர்த்தனைகளுக்குத் தடை இருக்கும். அன்றைக்கே ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தால் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் நடக்குமுன் பழைய கைப்பேசியை அழித்துவிட்டு வங்கிக்கு அலைவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு.

பிறகு வாட்ஸ்அப் உரையாடல்களைச் சேமித்துவிட்டு, பழைய கைப்பேசியில் ஆப்பிள் அல்லது கூகல் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். வெளியேறாமல் அழித்தால் கருவி உங்கள் கணக்கோடு பூட்டிக்கொள்ளும். இன்னும் ஓடும் நிலையில் உள்ள கைப்பேசியை யாரும் மறுபடி பயன்படுத்த முடியாமல் போய்விடும். சிம் அட்டை, நினைவட்டை இரண்டையும் எடுங்கள். மின்சிம் இருந்தால் நீக்குங்கள். கடைசியாகத்தான் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது. உறைக்குப் பின்னால் செருகிய ஈஸி-லிங்க் அட்டையையும் பாருங்கள், அதை மறப்பவர்கள் ஏராளம்.

மடிக்கணினி ஓடாவிட்டால் அடிமூடியைத் திறந்து சேமிப்பகத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். தட்டையான குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கு பெரும்பாலும் ஒரே திருகுதான். பழைய சுழலும் வட்டை (ஹார்ட் டிஸ்க்) துளை போட்டுக் கெடுக்கலாம். எஸ்எஸ்டியில் பல சில்லுகள் இருப்பதால் ஒரு துளை போதாது. கைப்பேசியைத் துளைக்க நினைக்கவே வேண்டாம், உள்ளே பேட்டரி. ரவுட்டரின் பின்புறச் சிறு துளையில் காகிதக் கிளிப்பை 10 முதல் 15 விநாடி அழுத்தினால் வைஃபை கடவுச்சொல் அழியும். ஆனால் ரவுட்டரும் செட்டாப் பெட்டியும் உங்களுடையவைதானா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். வாடகைக்கு வந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பிறகு அதற்குப் பணம் கட்டவேண்டாம்.

மடிக்கணினி நன்றாக ஓடுகிறதென்றால் மறுசுழற்சிக்குக் கொடுப்பதே வீண். எஞ்சினியரிங் குட் போன்ற அமைப்புகள் புதுப்பித்து, வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தருகின்றன.

குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி, ஏர்கான்?

புதியது வாங்கினால் அதே வகைப் பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச் செல்லவேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குக் குளிர்பதனப் பெட்டி, டிவிக்கு டிவி. பணம் கட்டும்போதே ரசீதில் “பழையது எடுக்கவேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் லாரியில் இடம் ஒதுக்காமல் வந்து, “எங்களுக்குச் சொல்லவில்லையே” என்பார்கள்.

முந்தின இரவே மின்சாரத்தை நிறுத்தி, பனி உருகி வடிந்து, கதவுகளை டேப்பால் ஒட்டி, நிமிர்த்திய நிலையிலேயே வைத்திருங்கள். சாய்த்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போகும்; பின்னால் குளிரூட்டும் வாயுவை உறிஞ்சி எடுப்பது சிரமம். வெளிநடையில் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விடவேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி. கதவு டேப் போடாத பெட்டிக்குள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் ஆபத்தும் உண்டு.

புதிதாக ஒன்றும் வாங்கவில்லை என்றால் நகர மன்றத்தின் பெரும்பொருள் அகற்றும் சேவை. மாதத்துக்கு இத்தனை பொருள் இலவசம் என்ற வரம்பு நகர மன்றத்துக்கு நகர மன்றம் வேறுபடும், முன்பதிவு தேவை. மின்கழிவு என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். அதுவும் வேண்டாமென்றால் கட்டணம் கட்டி வீட்டு வாசலிலேயே எடுக்கச் செய்யலாம்.

ஏர்கானில் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கழற்ற வருபவர் வால்வுகளை மூடி, வாயுவை வெளிப்பெட்டிக்குள் இழுத்து அடைத்த பிறகே செம்புக் குழாயை அறுக்கவேண்டும். பழைய ஆர்-410ஏ வாயுவின் சூடேற்றும் திறன் கரியமில வாயுவைப்போல் 2,088 மடங்கு. ஒரு கிலோ வெளியேறினால் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். “உஸ்ஸ்” என்ற சத்தம் நீண்டு கேட்டால் அவர் குறுக்குவழியில் போகிறார் என்று அர்த்தம்.

அப்படியானால் காராங்கூனிக்காரரிடம் எதையுமே கொடுக்கக்கூடாதா?

கொடுக்கலாம், மேலே சொன்ன மாதிரி. காராங் கூனி என்ற மலாய்ச் சொல்லில் உள்ள கூனிக்கு நம் கோணி நெருங்கிய உறவு. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த இந்தத் தொழில், மறுசுழற்சி என்ற சொல் புழங்குவதற்கு முன்பே இங்கு இருந்தது. மோட்டார் உள்ளவை, இரும்புச் சாமான், ஓடும் நிலையில் உள்ள பொருள் அவரிடம் நல்ல வழிக்குப் போகும். குளிர்பதனப் பெட்டியும் ஏர்கானும் பழைய குண்டு டிவியும் வேண்டாம். செம்பும் கம்ப்ரஸரும்தான் காசு. வாயுவுக்கும் ஈயக் கண்ணாடிக்கும் யாரும் காசு தருவதில்லை என்பதால் அவை கவனிப்பாரற்றுப் போகும்.

விளக்குகள்?

குழல்விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. புது விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதை நுழைத்துக் கொண்டுபோங்கள். உடைந்துவிட்டால் பெட்டியில் போடவேண்டாம். சன்னல்களைத் திறந்து அறையைவிட்டு 15 நிமிடம் விலகியிருங்கள். பிறகு கையுறையோடு அட்டையால் அள்ளி, பொடித் துகளை டேப்பால் ஒற்றி, பையில் இறுகக் கட்டுங்கள். வேக்கம் போட்டால் பாதரச ஆவி வீடெங்கும் பரவும்.

பழைய கைப்பேசிகளையும் பவர் பேங்க்கையும் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

ஓடும் கைப்பேசி என்றால் தாராளமாக. உப்பியதும் விரிசல் விட்டதும் விமானத்தில் ஏறக்கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே, சரக்குப் பெட்டியில் கூடாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி, 3.7 வோல்ட்டில் அது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி. எழுத்து அழிந்து கொள்ளளவு தெரியாத பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடக்கூடும், இங்கேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர் பேங்க்கால் சார்ஜ் செய்வதற்கும் தடை. மிக்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை: இரு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாறும்.

எங்கள் புளோக்கில் ஒரு சேகரிப்பு நாள் நடத்த விரும்புகிறோம். எப்படித் திட்டமிடுவது?

தீபாவளிக்கு மூன்று வாரம் முன், சீனப் புத்தாண்டுக்கு மூன்று வாரம் முன் என்ற இரண்டு காலமும் நல்லவை. எல்லா வீட்டிலும் அலமாரி காலியாகும் நேரம். பண்டிகைக்கு முந்தின வாரம் வைத்தால் லாரி கிடைக்காது.

முதல் தொலைபேசி அழைப்பு சேகரிப்பு நிறுவனத்துக்கு. எதை ஏற்பார்கள், லாரி எத்தனை மணிக்கு வரும் என்று எழுத்தில் வாங்கியபிறகே சுவரொட்டி அடியுங்கள். பல குழுக்கள் தலைகீழாகச் செய்கின்றன: “எல்லா மின்பொருளும் ஏற்கப்படும்” என்று ஒட்டிவிட்டு, மாலையில் முப்பது ரைஸ் குக்கரோடு நிற்கிறார்கள். கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்ற அனுமதி வேண்டும். சுவரொட்டியில் நான்கு மொழியிலும் எழுதுவதைவிடப் படம் போடுவது மேல்: ஏற்பவை ஒருபுறம், ஏற்காதவை மறுபுறம்.

அளவுக் கணக்கு எளிது. 120 வீட்டில் நான்கில் ஒன்று வந்தால் 30 வீடு, வீட்டுக்கு 5 கிலோ என்றால் 150 கிலோ. இதற்கு மூன்று மேசை, சக்கரம் வைத்த நான்கு கூண்டுப்பெட்டி, ஆறு பேர் போதும். பெரிய சாதனங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றைத் தூக்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

முதல் மேசையில் எப்போதும் ஒருவர் பேட்டரிக்கென்றே இருக்கவேண்டும். டேப், கையுறை, ஜிப் பை, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, தனியாக ஒரு வாளி உலர்ந்த மணல். பையோடு கொடுத்துவிட்டு ஓடப் பார்ப்பவரை நிறுத்தி, அவர் முன்னாலேயே பையைத் திறந்து பாருங்கள். பொம்மைக்குள், பாட்டு வாழ்த்து அட்டைக்குள், மின்பல்துலக்கிக்குள் இருக்கும் பேட்டரிகள் அப்போதுதான் அகப்படும். இரண்டாவது மேசையில் சிம், நினைவட்டை எடுத்தாயிற்றா என்று கேட்பவர். கைப்பேசிகளை வாங்கியதும் பூட்டிய பெட்டியில் போடுங்கள், மேசைமேல் அடுக்கிவைத்தால் மாலைக்குள் சில காணாமல் போயிருக்கும்.

கெடுவது பெரும்பாலும் முடிவு நேரத்தில். ஒரு மணிக்கு முடிகிறதென்றால், லாரி ஒன்றரைக்கு வரவேண்டும், அதுவரை இருவர் நிற்கவேண்டும். ஆள் இல்லாத குவியலில் இரவோடு இரவாக உடைந்த மெத்தையும் வந்து சேரும். முடிந்ததும் பதாகையை உடனே கழற்றிவிடுங்கள்.

கொடுத்ததெல்லாம் எங்கே போகிறது?

உரிமம் பெற்ற ஆலையில் முதலில் கையால் பிரித்து பேட்டரிகளை எடுக்கிறார்கள். மிச்சத்தைத் துண்டாக்கி, காந்தத்தால் இரும்பும் சுழல்மின்னோட்டத்தால் அலுமினியமும் பிரிக்கப்படுகின்றன. மின்சுற்றுப் பலகைகள்தான் மதிப்புள்ளவை: ஒரு கைப்பேசியில் சுமார் 0.034 கிராம் தங்கம். லித்தியம் பேட்டரிகளுக்கு டெஸ் நிறுவனம் 2021 மார்ச்சில் துவாஸில் ஓர் ஆலை திறந்தது. நாளொன்றுக்கு 14 டன் வரை கையாளும் திறனோடு கட்டப்பட்டது. பேட்டரியை நொறுக்கிக் கருந்தூளாக்கி, அதிலிருந்து கோபால்ட்டும் லித்தியமும் எடுக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், 2025 ஜனவரி 1 முதல், அபாயக் கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்பாட்டின்கீழ் எந்த மின்கழிவுக்கும் பெறும் நாட்டின் முன்னொப்புதல் தேவை.

பெட்டி நிரம்பியிருந்தால் பக்கத்தில் வைத்துவிட்டு வரலாமா?

வேண்டாம், வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். மழையில் நனைந்தாலும், துப்புரவுப் பணியாளர் குப்பை என்று எடுத்தாலும் அது எரியூட்டு ஆலைக்குத்தான் போகும். பெட்டியில் உள்ள எண்ணை அழைத்து நிரம்பிவிட்டது என்று சொல்லுங்கள்.